கிளிப்பச்சைச் சுறாவேந்தன்

சுபாங் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்ததும் மேலே கிடந்தது டாக்டர் துருவின் தலை. துருப்பிடித்த இரும்பின் நிறத்தில், வாய் நிறையத் திருகாணிகளோடு, நான் மூன்று மாதம் உட்கார்ந்து ஒட்டிச் செய்த முகமூடி.

“இதை யார் போடுவது?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“நான்தான்.”

“எதற்கு?”

“மாறுவேடப் போட்டிக்கு.”

“உங்கள் வயது?”

“நாற்பத்தேழு.”

அவர் முகமூடியைத் திருப்பி உள்ளே பார்த்தார். சிவகாசியில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தின் காலண்டர்க் கழிவுத் தாள்களை மைதாப் பசையில் ஒட்டிச் செய்தது அது. உள்பக்கத்தில் ஒரு மகாலட்சுமியின் இடது கண், பிள்ளையாரின் பாதித் தும்பிக்கை, மூன்று அமாவாசைகள் எல்லாம் தெரியும். பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் சேர்ந்து போட்டுக்காட்டச் சொன்னார்கள். போட்டேன். வரிசையில் பின்னால் நின்ற குழந்தை வீறிட்டு அழுதது. அதிகாரி சிரித்துக்கொண்டே பெட்டியில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு அனுப்பிவிட்டார்.

எங்கள் ஊரில் மாறுவேடப் போட்டி என்றால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கோட்டு மீசை வரைந்து, பாதி வசனத்தில் அது அழுவதைப் பார்த்துக் கைதட்டுவது. நரைத்த ஆள் வேஷம் கட்டிக்கொண்டு கடல் தாண்டிப் போகிறான் என்றால் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் வீட்டில் பாதி உண்மைதான் சொன்னேன். அடுத்த ஆண்டுக் காலண்டர் மாதிரிகளைப் பிரிக்ஃபீல்ட்ஸ் கடை ஒன்றில் காட்டிவர முதலாளி என்னை அனுப்பியிருந்தார். மீதிப் பாதி, குணா.

குணசேகரன் கிள்ளானில் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். எங்களுக்குள் இருபது வருடக் கடிதப் பழக்கம். நேரில் பார்த்தது அன்றுதான் முதல்முறை. கடிதங்களில் ‘தம்பி’ என்றே எழுதி வந்ததால் இங்கேயும் அவன் என்றே எழுதுகிறேன்.

எங்கள் அச்சகம் எழுபதுகளில் ஒரு மாத காமிக்ஸ் போட்டது. வெளிநாட்டுக் கதை, தமிழ்ப் பேச்சு. நாயகன் சுறாவேந்தன், கடலுக்கடியில் வாழும் முகமூடி வீரன். எதிரி டாக்டர் துரு, கப்பல்களை ஒரே இரவில் துருப்பிடிக்க வைக்கிற கிராதகன். உள்ளே எல்லாம் கறுப்பு வெள்ளை. அட்டை மட்டும் வண்ணம். அந்த அட்டைகளை வரைந்தவன் நான். குணா பதினான்கு வயதில் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து எனக்கு முதல் கடிதம் எழுதினான்.

விமான நிலைய வாசலில் பட்டறை வேனில் வந்து நின்றவன் என்னைவிட ஒரு சாண் உயரம். என் காலைத் தொட வந்தான். தடுத்தேன்.

“அண்ணே, மொதல்ல வீட்டுக்குப் போவோம். சாப்பாடு அப்பறம். பச்சையப் பாத்துட்டுத்தான் நீங்க சாப்பிடணும்.”

கிள்ளான் வீட்டுக் கூடத்தில், சோபாவின் மேல், வெள்ளைத் துணி மூடி உட்கார்ந்திருந்தது அது. குணாவின் மனைவி லெட்சுமி துணியை எடுத்தாள். மழைக்கோட்டுத் துணியில் அவளே தைத்த உடை. மோட்டார்சைக்கிள் ஹெல்மெட்டை அறுத்து, ஃபைபரில் சுறாத் துடுப்பு வைத்து, காருக்கு அடிக்கும் பெயின்ட் அடித்த தலைக்கவசம். உச்சி முதல் பாதம் வரை ஒரே பச்சை. என் அட்டையில் இருந்த அதே பச்சை. என் கையால் கலந்தாலும் இவ்வளவு கச்சிதமாக வராது.

“நாலு மாசம் அண்ணே. மஞ்சள் ஒரு சொட்டு ஏறினா வாழையெல ஆயிடுது. நீலம் ஏறினா பாசி. டியூப் லைட்ல பாக்கவே கூடாது. மத்தியான வெயில்ல ஒங்க அட்டைய பக்கத்துல வெச்சுத்தான் பாத்தேன். தவுக்கே, எங்க மொதலாளி, திட்டினாரு. கஸ்டமர் காருக்குக்கூட நீ இப்படிப் பாக்க மாட்டியேன்னு.”

பட்டறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் அட்டை உண்டாம். எந்தச் சாயம் எவ்வளவு என்று எழுதி, மேலே நிறத்தின் பெயர் போட்டு வைப்பார்கள். இந்தப் பச்சையின் அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். தலைப்பு: ‘சுறாவேந்தன் ஒரிஜினல்’.

அவனிடம் சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து எங்களுக்கு வந்தவை வெறும் கறுப்புக் கோட்டுப் படங்கள். என்ன நிறம் என்று ஒரு வரி கிடையாது. முதல் அட்டை அடிக்கிற அன்று முதலாளியிடம் கேட்டேன். “என்ன மை மீந்து கிடக்கோ அதுல போட்டுத் தொலையேம்ப்பா” என்றார். வெடிக்கட்டு லேபிள் ஒன்றின் கிளிக்காகக் கலந்த மை ஒரு டப்பா இருந்தது. சுறாவேந்தன் பச்சையானது இப்படித்தான்.

இதுமட்டும் என்றால் பரவாயில்லை. சாப்பிட உட்கார்ந்ததும் குணா ஒரு ஃபைலைக் கொண்டுவந்தான். முதல் உறையில் என் பழைய கடிதம், பிளாஸ்டிக்குக்குள். பள்ளியில் எல்லோரும் கடல்வீரன் என்றால் நீலமாகத்தான் இருப்பான் என்று கேலி செய்கிறார்கள், இந்தப் பச்சை நிஜமான நிறம்தானா என்று அவன் கேட்டிருந்தான். என் பதில்: ‘அன்புத் தம்பி, வெளிநாட்டிலிருந்து வரும் அசல் நிறத்தையே அப்படியே தருகிறோம். சந்தேகம் வேண்டாம்.’

இரண்டு புரூஃபுக்கு நடுவே இரண்டே நிமிடத்தில் எழுதியிருப்பேன். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. கடல் கடந்து ஒருவன் என்னை மதித்துக் கேட்கிறான், தெரியாது என்று எப்படி எழுதுவது.

“இத வெச்சுக்கிட்டுத்தான் ஸ்கூல்ல எல்லாரையும் எதுத்துப் பேசினாராம்,” என்றாள் லெட்சுமி, என் இலையில் நண்டுக் குழம்பை ஊற்றியபடி. “இப்ப பட்டறையிலயும் சிரிக்கிறானுங்க. இவரு கேக்கறதில்ல. ஸ்கூல்ல ஒரு தடவகூட மேடை ஏத்தலையாம் இவர. ஞாயித்துக்கெழம ஏறிடணும்னு ஒத்தக் கால்ல நிக்கறாரு.”

நண்டு அருமையாக இருந்திருக்கும். எனக்கு ருசி தெரியவில்லை. அசலிலும் அவன் பச்சையாகவே இருந்து தொலையட்டும் என்று வேண்டிக்கொண்டே சாப்பிட்டு முடித்தேன். சாயங்காலம் இருவரும் மேடைச் சண்டையை ஒத்திகை பார்த்தோம், பிறகு என்னைப் பிரிக்ஃபீல்ட்ஸ் விடுதியில் இறக்கிவிட்டான்.

சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸ். காலையில் ரொட்டி சானாய். நம் பரோட்டாவின் ஒன்றுவிட்ட தம்பி. ஆனால் நம் ஊரில் சால்னாவில் மூழ்கடித்துச் சாப்பிடுவதை இங்கே பருப்புக் குழம்பில் ஓரமாகத் தொட்டுக்கொள்கிறார்கள். கூடவே ஒரு முழ உயரத்துக்கு இழுத்து ஆற்றிய பால் டீ, தே தாரிக். பக்கத்து மேசையில் இரண்டு பேர் மலாயிலும் தமிழிலும் மாறி மாறி ஏதோ லாரிக்காக வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஒரே வாக்கியத்துக்குள் மூன்று மொழி ஏறி இறங்கி, கடைசியில் ஒரு ‘லா’வில் முடிந்தது. யாரும் தடுமாறவில்லை.

காலண்டர் கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். மாதிரிகளைப் புரட்டினார். மகாலட்சுமியில் நின்றார்.

“போன வருஷம் சேலை செங்கல் கலர்ல வந்துடுச்சு. பாதி ஜனம் திருப்பிக் குடுத்துட்டாங்க. இது எங்க அம்மா இல்லன்னுட்டாங்க.”

“மை கொஞ்சம் மாறியிருக்கும் ஐயா.”

“ஒங்களுக்கு மை லா. வீட்ல மாட்டறவங்களுக்கு அது சாமி.”

தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். வந்து பத்து அடி நடக்கவில்லை, வீடியோ கேசட் கடை வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு படம். துடுப்பு வைத்த தலைக்கவசம், கையில் ஈட்டி, எனக்கு நன்றாகத் தெரிந்த அந்த மோவாய். சுறாவேந்தன்தான். இப்போது கார்ட்டூன் படமாக வந்திருக்கிறான். உச்சி முதல் பாதம் வரை ஆரஞ்சு.

கடைக்காரப் பெண்ணிடம் இந்த நிறம் புதிதாக மாற்றியதா என்று கேட்டேன். எனக்காக ஒரு பழைய ஆங்கில ஆல்பத்தை எடுத்துக் காட்டினாள். அதிலும் ஆரஞ்சு. பிறந்ததிலிருந்தே ஆரஞ்சு.

தெருமுனைப் பொதுத் தொலைபேசியில் காசு போட்டுக் கிள்ளானுக்குப் பேசினேன். குணாதான் எடுத்தான். நான் வாயைத் திறப்பதற்குள், “அண்ணே, கடைசி அடிக்கு நீங்க எடது பக்கமா விழுங்க. வலது பக்கம் ஸ்பீக்கர் வெப்பாங்க,” என்றான். சரி என்றேன். வேறென்ன அண்ணே என்றான். ஒன்றுமில்லை என்றேன். காசு தீர்ந்து லைன் அறுந்தது. இன்னொரு காசு சட்டைப் பையில் இருந்தது. போடவில்லை. பயம்தான், வேறு காரணம் எதுவும் கிடையாது.

ஞாயிறு காலை ஒன்பதரை மணிக்குப் பெட்டாலிங் ஜெயாவில் இருந்தோம். ஒரு பேரங்காடியின் மேல்மாடி மண்டபம். வாசலிலேயே நின்றுவிட்டேன். நூறு பேருக்குக் குறையாது. வாள் ஏந்திய பெண்கள், அட்டைப்பெட்டியில் செய்த இயந்திர மனிதர்கள், நீலத் தலைமுடி. எல்லாம் இருபது வயதுப் பிள்ளைகள். இதற்கு அவர்கள் ‘காஸ்பிளே’ என்று ஒரு பெயர் சொன்னார்கள். என் டாக்டர் துருவைப் பார்த்து மூன்று பேர் படம் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு நிமிடம் எல்லாக் கவலையும் மறந்து திருகாணிப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். பொய் சொல்லவில்லை, பெருமையாகத்தான் இருந்தது.

பதிவு மேசையில் கண்ணாடி போட்ட ஒரு சீனப் பெண். படிவத்தை வாங்கிப் பாத்திரத்தின் பெயரைப் பார்த்தாள். குணாவின் பச்சையைப் பார்த்தாள். மறுபடி படிவத்தைப் பார்த்தாள்.

“அங்கிள், இவர் ஆரஞ்சு அல்லவா?”

“பச்சை,” என்றான் குணா.

அவள் பொறுமையாகச் சொன்னாள். ஏற்கெனவே உள்ள பாத்திரம் என்றால் அசல் மாதிரி இருக்க வேண்டும், அது விதி. இல்லாவிட்டால் சொந்தப் படைப்பு என்று இன்னொரு பிரிவு இருக்கிறது, அதில் தாராளமாக ஏறலாம்.

“இது என் சொந்தப் படைப்பு இல்ல. இது சுறாவேந்தன். தமிழ் புக் பாத்திருக்கீங்களா? அதுதான் ஒரிஜினல். ப்ரூஃப் கொண்டாந்தா போலேயா, ஏத்துக்குவீங்களா?”

பன்னிரண்டு மணிக்குப் பதிவை மூடுவேன், அதற்குள் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றாள். குணா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினான். நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். கூடவே இறங்கினேன்.

கிள்ளான் போய்ச் சேர்ந்த நேரமே தெரியவில்லை. குணா அட்டைப்படத்தையும் அந்த ஃபைலையும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். திரும்பும்போதுதான் ஃபெடரல் ஹைவேயில் ஜாம். வண்டிகள் எறும்பாக ஊர்ந்தன. ஷா ஆலம் தாண்டியதும் எங்கள் வேனின் முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. ஓரம் கட்டினோம். மணி பதினொன்று பத்து.

பச்சை உடையில் ஒருவன் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற, துரு நிறக் கோட்டு போட்ட ஒருவன் பக்கத்தில் டப்பா பிடித்து நின்றான். ஊர்ந்துபோன லாரியிலிருந்து ஒரு தமிழ்க்குரல் வந்தது: “அண்ணே, தைப்பூசம் முடிஞ்சு எவ்வளவு நாளாச்சு.” குணா சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“குணா, ஒருவேளை அந்தப் பொண்ணு சொல்றதுதான் சரின்னா?”

“எப்படிண்ணே சரியா இருக்கும்? நீங்கதான் எழுதியிருக்கீங்களே.”

இன்ஜின் ஆறும்வரை இருபது நிமிடம் நின்றோம். இருபது நிமிடத்தில் ஒரு மனிதன் தன் பிழையை நூறு தடவை சொல்லலாம். நான் தண்ணீர் டப்பாவைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மேசைக்கு வந்து சேர்ந்தோம். குணா அட்டைப்படத்தை வைத்தான். அந்தப் பெண் ஆர்வமாகத்தான் பார்த்தாள். பிறகு, இது அந்தப் பதிப்பில் மாறிப்போன நிறமாக இருக்கலாமே என்றாள். குணா அதற்காகவே காத்திருந்தவன்போலப் பிளாஸ்டிக்கிலிருந்து கடிதத்தை எடுத்து என் கையில் கொடுத்தான்.

“அண்ணே, நீங்களே படிச்சு இங்கிலீஷ்ல சொல்லிடுங்க. எழுதினவரே சொன்னா நம்பித்தானே ஆகணும்.”

என் கையெழுத்து. இருபத்தேழு வயதில் கொஞ்சம் சாய்ந்த, கர்வமான கையெழுத்து. ‘சந்தேகம் வேண்டாம்’ என்பதற்கு அடியில் ஒரு கோடு வேறு போட்டிருந்தேன். அந்தப் பெண் பேனாவோடு காத்திருந்தாள்.

“குணா,” என்றேன் தமிழில். “இதுல இருக்கறது பொய்.”

“என்னண்ணே?”

“வெளிநாட்டுல இருந்து எந்த நிறமும் வரல. வெறும் கறுப்புக் கோடுதான் வந்துச்சு. பச்சை நான் போட்டது. ஒரு வெடி லேபிள்ல இருந்த கிளிக்குக் கலந்த மை மீந்து கிடந்துச்சு. அதத்தான் போட்டேன்.”

“மிச்ச மையா?”

“ஆமா.”

“அப்ப நான் கேட்டப்ப?”

“தெரியாதுன்னு எழுத வெக்கமா இருந்துச்சுப்பா.”

அவன் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான். “ஆரஞ்சுன்னு ஒங்களுக்கு எப்ப தெரியும்?”

“நேத்து. பிரிக்ஃபீல்ட்ஸ்ல படத்தப் பாத்தேன்.”

“ஹைவேல நிக்கறப்பவும் தெரியும்.”

“தெரியும்.”

பழைய பொய்யை அவன் தாங்கியிருப்பான் என்றுதான் நினைக்கிறேன். அடிபட்டது இந்த இருபது நிமிடத்தில்தான். கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து உறைக்குள் வைத்தான். தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டான்.

அந்தப் பெண்ணுக்கு என் ஓட்டை ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. படிவத்தில் ஒரு கட்டத்தை அடித்து, இன்னொன்றை நிரப்பத் தொடங்கினாள்.

“அப்படியானால் சொந்தப் படைப்பு. வடிவமைத்தவர் பெயர்?”

“குணசேகரன்.”

“நிறம் உங்களுடையது என்றீர்களே, அங்கிள்.”

“நான் மிச்ச மையைப் பூசினேன். நிறத்தை உண்டாக்கியது அவன்.”

எழுதிக்கொண்டாள். மண்டபம் முழுக்கத் தேடினேன். மாடிப்படியில் தேடினேன். வேன் நிறுத்திய இடத்துக்கும் போய்ப் பார்த்தேன். வேன் இருந்தது, அவன் இல்லை. மேலே வருவதற்குள் எங்கள் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். மூன்றாம் முறை கூப்பிட்டால் நீக்கிவிடுவார்கள் என்று பக்கத்தில் நின்ற நீலமுடிப் பெண் சொன்னாள். டாக்டர் துருவின் தலையை மாட்டிக்கொண்டு தனியாக மேடை ஏறினேன்.

விளக்கு வெளிச்சத்தில் எதுவும் தெரியவில்லை. முகமூடிக்குள் மைதா வாசனையும் என் மூச்சும்தான். நாயகன் இல்லாமல் வில்லன் மேடையில் என்ன செய்வான்? இரண்டு கையையும் விரித்து நின்றேன். யாரோ சிரித்தார்கள். வேறு வழியில்லாமல், எங்கள் காமிக்ஸில் மாதாமாதம் டாக்டர் துரு சொல்லும் வசனத்தைத் தமிழில் கத்தினேன்.

“சுறாவேந்தா, கடலைத் துருப்பிடிக்க வைத்துவிட்டேன். எங்கே ஒளிந்திருக்கிறாய், வெளியே வா.”

அந்த மண்டபத்தில் அது யாருக்கும் புரிந்திருக்காது. ஒருவனைத் தவிர. மறுபடி கத்தினேன். குரல் உடைந்தது. மூன்றாவது முறை கத்தும்போது அது வசனமாக இல்லை, கெஞ்சலாக இருந்தது.

மண்டபத்தின் பின்பக்கம் ஏதோ சலசலப்பு. நாற்காலிகளுக்கு நடுவே பச்சை நடந்து வந்தது. காருக்கு அடிக்கிற பெயின்ட் அல்லவா, விளக்குப் பட்டதும் தகதகவென்று எரிந்தது. கைதட்டல் எழுந்தது. குணா மேடையேறி, ஒத்திகை பார்த்ததுபோலவே இரண்டு சுற்றுச் சுற்றி, ஈட்டியை ஓங்கினான். பிளாஸ்டிக் குழாய்தான். ஒத்திகையில் அவன் இவ்வளவு பலமாக அடிக்கவில்லை. தோள் விண்ணென்று தெறித்தது. நான் விழ மறந்து நின்றேன்.

“எடது பக்கம் விழுங்கண்ணே,” என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

விழுந்தேன். கதைப்படி சுறாவேந்தன் எதிரியின் முகமூடியைக் கழற்ற வேண்டும். கழற்றினான். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒத்திகையில் அது ஒரு நொடி. அன்று எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நான் கண்ணைத் தாழ்த்தவில்லை, அது மட்டும்தான் என்னால் செய்ய முடிந்தது.

பரிசு ஓர் அட்டைப்பெட்டி இயந்திர மனிதனுக்குப் போனது. குணா என்னைப் பிரிக்ஃபீல்ட்ஸ் விடுதிக்கு வேனில் கொண்டுவந்து விட்டான். இறங்கும்போது, “நாளைக்கு எத்தன மணிக்கு ஃப்ளைட்?” என்று மட்டும் கேட்டான். சொன்னேன். போய்விட்டான்.

திங்கட்கிழமை அவன் வருவான் என்று நான் நினைக்கவில்லை. வேன் சரியான நேரத்துக்கு வந்து நின்றது. லெட்சுமி கட்டிக்கொடுத்த நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம், முன்சீட்டில் இருந்தது. வழியெல்லாம் ரேடியோதான் பேசியது. விமான நிலைய வாசலில் பெட்டியை இறக்கி வைத்தவன் சட்டைப் பையில் கைவிட்டான்.

“பெயின்ட் டின் குடுத்தா ப்ளேன்ல ஏத்த மாட்டாங்க. இத வெச்சுக்குங்க. அடுத்த தடவ யாராவது கேட்டா, கரெக்டா சொல்லுங்க.”

பட்டறை அட்டை. மஞ்சள் எவ்வளவு, நீலம் எவ்வளவு, வெள்ளை எவ்வளவு என்று அவன் கையெழுத்தில் அப்படியே இருந்தது. தலைப்பில் மட்டும் ‘ஒரிஜினல்’ என்ற சொல்லை நேர்கோடாக அடித்திருந்தான். மேலே புதிதாக, கறுப்பு மையில், ‘சிவகாசிப் பச்சை’ என்று எழுதியிருந்தான்.